காணும் பொங்கலுக்குப் பனி பார்க்கப் போனோம்

அந்த வருஷம் யார் எதைக் கேட்டாலும் நான் சரி என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். மீன்காரி சொன்ன விலைக்குச் சரி. தலை பின்ன வேண்டாம் என்று மகள் சொன்னால் அதற்கும் சரி. மார்கழி பிறந்த புதிதில் ஒரு சாயங்காலம் என் கணவர் ஷெட்டிலிருந்து வந்து, வாசலில் கால் கழுவிக்கொண்டே, "பொங்கலுக்கு வடக்க போலாமா? இமயமல பக்கம். பனி பாத்துட்டு வரலாம்" என்றார். நான் மத்தி மீனுக்குச் செதில் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

"சரி" என்றேன்.

அவர் அங்கேயே கொஞ்ச நேரம் நின்றார். நான் சிரிப்பேன், இல்லையென்றால் "பித்து புட்ச்சிக்கிச்சா உனுக்கு" என்று திட்டுவேன் என்று எதிர்பார்த்திருப்பார். முந்தின வருஷமாக இருந்திருந்தால் இரண்டையுமே செய்திருப்பேன். நான் மீனைத் திருப்பிப் போட்டு மறுபக்கம் தேய்க்க ஆரம்பித்தேன். அவர் துண்டால் காலைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனார்.

ராயபுரத்தில் ரயில் பாதையை ஒட்டி ஒரே கூரையின் கீழ் வரிசையாக இருந்த வீடுகளில் ஒன்று எங்களுடையது. ஓர் அறை, பின்னால் சமையலுக்கு ஒரு சாய்ப்பு. என் கணவர் ரயில் எஞ்சின் ஷெட்டில் ஃபிட்டர். எங்களுக்கு இரண்டு பிள்ளைகள். பெண்ணுக்கு எட்டு வயது. பையனுக்கு ஐந்து. ஐப்பசி மழையில் பையனுக்குத் தொண்டை கட்டியது. கஷாயம் வைத்துக் கொடுத்தேன். தொண்டைக்குள் வெள்ளையாகப் படர்ந்திருப்பதைப் பார்த்ததும் தண்டையார்பேட்டை ஆஸ்பத்திரிக்கு ரிக்‌ஷாவில் ஓடினோம். அங்கே அவர்கள் செய்ய வேண்டியதையெல்லாம் செய்தார்கள். தீபாவளிக்கு முன்னால் அவன் போய்விட்டான்.

நான் அழவில்லை. அழக்கூடாது என்றெல்லாம் நினைக்கவில்லை, வரவில்லை, அவ்வளவுதான். வரிசை வீட்டுப் பெண்கள் என்னைச் சுற்றி உட்கார்ந்துகொண்டு தோளைப் பிடித்து உலுக்கினார்கள். "அயுதுடுமே. அயுதா எறங்கிடும்" என்று ஒருத்தி என் கையைக் கிள்ளிக்கூடப் பார்த்தாள். கிள்ளியது தெரிந்தது. யாருடைய கையையோ கிள்ளுகிற மாதிரி இருந்தது. பிறகு அவர்கள் ஒவ்வொருவராகச் சொல்ல ஆரம்பித்தார்கள். சாமிக்கு அவனைப் பிடித்துவிட்டது. அவன் நல்ல இடத்தில் இருக்கிறான். உனக்கென்ன வயசாகிவிட்டது, இன்னொன்று பெற்றுக்கொள்ளலாம். எல்லோருக்கும் நான் தலையாட்டினேன். அவர்கள் எழுந்து போன பிறகு அடுப்பு மூட்டினேன், சோறு வடித்தேன், கொடியில் காய்ந்த துணியில் படிந்த கரித்தூளை உதறி மடித்து வைத்தேன். எல்லா வேலையும் நடந்தது. சோற்றில் உப்பு போட்டேனா என்பது மட்டும் சாப்பிட்ட பிறகும் எனக்குத் தெரியாது. மகள் எழுந்துபோய் உப்பு எடுத்து வந்தால்தான் தெரியும்.

அதுவரை நாங்கள் போன ஊர் என்றால் எண்ணூர்தான். ரயில்வே ஆட்களுக்கு வருஷத்துக்கு இத்தனை என்று குடும்பத்தோடு போய்வர இலவச பாஸ் உண்டு. மற்றவர்கள் திருப்பதிக்கும் பழனிக்கும் வாங்குவார்கள். என் கணவர் அதைக்கூட வாங்கியதில்லை. ஒவ்வொரு வருஷமும் காணும் பொங்கலன்று காலையில் பாசஞ்சர் வண்டியில் எண்ணூர் போவோம். கழிமுகத்தில் படகு பிடித்து அக்கரையில் காட்டுப்பள்ளிப் பக்கம் இறங்கி, சவுக்கு மர நிழலில் கட்டுச்சோற்றைப் பிரிப்போம். நெட்டுக்குப்பத்தில் அவருக்குத் தெரிந்த ஒருவர் நண்டு கொண்டுவந்து கொடுப்பார். பிள்ளைகள் தண்ணீரில் கிடப்பார்கள். சாயங்காலம் அதே வண்டியில் திரும்புவோம். எங்கள் சுற்றுலா அவ்வளவுதான்.

இந்த வருஷம் எண்ணூருக்கு என்ன செய்வது என்று நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. அவர் நேராக இமயமலைக்குப் போய்விட்டார்.

வடக்கைப் பற்றி அவருக்குச் சொன்னவர் தெருமுனையில் விறகுத்தொட்டி வைத்திருந்த பாய். யுத்தத்தின்போது பாய் பட்டாளத்தில் சமையற்காரராகச் சேர்ந்து சிம்லா பக்கத்து மலையில் இரண்டு குளிர்காலம் இருந்துவிட்டு வந்தவர். விறகு வாங்கப் போகிறவர்கள் அவருடைய மலைக் கதையைக் கேட்காமல் திரும்ப முடியாது. என் கணவருக்கு அவர் நல்ல தோஸ்து. அந்த ஞாயிற்றுக்கிழமை பாயை வீட்டுக்கே கூட்டி வந்துவிட்டார். பாய் வாசற்படியில் உட்கார்ந்துகொண்டு என்னைப் பார்த்துச் சொன்னார்:

"தங்கச்சி, பயந்துக்காத. ஜனங்க வெயில் காலத்துல போவாங்க, அப்ப அங்க தொரைமாரு குடுக்கற வாடகை. குளிருல ஒரு பய இருக்க மாட்டான். வூடுங்க எல்லாம் பூட்டிக் கெடக்கும். சும்மாவே குந்திக்கோன்னு எடம் குடுப்பானுங்க."

"சரி பாய்" என்றேன்.

"சிம்லாவுக்கே போவாத மாமு" என்று என் கணவர் பக்கம் திரும்பினார். "அதுக்கு முன்னால சின்ன சின்ன ஸ்டேஷனா வரும். அதுல ஒண்ணுல எறங்கு. நம்ம தோஸ்து ஒருத்தன் அங்க டீக்கடை வெச்சிகினு கீறான். எங்கூட மெஸ்ஸுல ரொட்டி சுட்டவன். அந்த மலைக்காரன்தான், நம்ம ஜாதி. ஒரு காது கெடையாது அவனுக்கு, சின்ன வயசுல கரடி பிச்சிகிச்சி. ஒத்தக்காதன் எங்கன்னு கேட்டா யாரும் காட்டுவாங்க. எம்பேர சொல்லு. கடைக்குப் பின்னால ரூம்பு குடுப்பான்."

"இப்ப கீறாரா அவரு?" என்று கேட்டார் என் கணவர்.

"இல்லாம எங்க போவான்? அவன் மலைய வுட்டு எறங்குற ஆளா?"

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் பேச்சு முழுக்க பனியைப் பற்றித்தான். ஷெட்டில் அவரைக் கேலி செய்தார்களாம். ஓசி டிக்கெட் என்பதற்காக உலகத்தின் விளிம்புக்கா போவார்கள் என்று ஒருவர் கேட்டாராம். அவர் அதையெல்லாம் வந்து சொல்லுவார். நான் கேட்டுக்கொள்வேன். அதற்கு முன் அவர் அதிகம் பேசுகிற மனிதர் இல்லை. நான் பேசாமல் விட்ட இடத்தை அவர் நிரப்புகிறார் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. சத்தம் அதிகமாக இருக்கிறது என்று மட்டும் தோன்றியது.

குளிருக்குத் துணி வேண்டும். கம்பளித் துணி எங்கள் பக்கத்தில் யாருக்கும் தேவைப்பட்டதில்லை. பாய்தான் மூர் மார்க்கெட்டுக்குப் போய், யுத்தம் முடிந்து பட்டாளம் கழித்துக் கட்டிய பழைய கம்பளிகளில் இரண்டும், ஒரு பெரிய கோட்டும், முழங்கை கிழிந்த ஜெர்சிகளும் அள்ளிக்கொண்டு வந்தார். பூச்சிமருந்து நாற்றம் தெருவரைக்கும் வந்தது. பாயின் மனைவியிடம் தையல் மிஷின் இருந்தது. அவரை நாங்கள் பாயம்மா என்போம். அவர் ஒரு கம்பளியை வெட்டி என் மகளுக்கு முழங்கால்வரை வரும் கோட்டு தைத்தார். அளவெடுக்கும்போது மகள் கேட்டாள்:

"பாயம்மா, அங்க செத்துட்டா பொதைக்கறதுக்கு மண்ணு தோண்ட முடியுமா? பனியா இருக்குமே?"

பாயம்மாவின் கையிலிருந்த சாக்குக்கட்டி கீழே விழுந்தது. என்னைத்தான் பார்த்தார். நான் ஜெர்சியின் முழங்கைக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்தேன். ஊசியை இழுத்தேன்.

"யாரும் சாவ மாட்டாங்க கண்ணு. போய் ஷோக்கா பாத்துட்டு வருவீங்கோ" என்றார் பாயம்மா.

மகள் அந்தப் பதிலை நம்பினாளா என்று தெரியவில்லை. கையை மறுபடி அகல விரித்துக்கொண்டு நின்றாள்.

இனி அந்த ஐஸ் விஷயம். கிளம்புவதற்கு முந்தின வாரம் என் கணவர் ஒரு சாக்குப் பொதியைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தார். தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. வெளியூருக்கு மீன் கூடை அனுப்புவதற்காக ஸ்டேஷனுக்கு வரும் ஐஸில் ஒரு பாளத்தைக் கேட்டு வாங்கி வந்திருந்தார். மரத்தூளைத் தட்டிவிட்டு அறை நடுவில் பித்தளைத் தாம்பாளத்தில் வைத்தார்.

"பயகிக்கணும். சட்டுனு போய் நின்னா ஒடம்பு தாங்காதுன்னு பாய் சொல்றாரு. எல்லாரும் கோட்டு போடுங்க."

மதியம் மூன்று மணி வெயில். பட்டாளத்துக் கோட்டையும் ஜெர்சியையும் போட்டுக்கொண்டு நாங்கள் மூவரும் அந்த ஐஸைச் சுற்றி உட்கார்ந்தோம். வேர்த்து ஊற்றியது. ஜன்னலில் வரிசை வீட்டுப் பிள்ளைகளின் தலைகள். மகள் விரலை வைப்பாள், "ஐயோ" என்று எடுப்பாள், சிரிப்பாள். அவரும் உள்ளங்கையை வைத்துப் பார்த்துவிட்டு, "எப்பா, இன்னா கடி கடிக்குது" என்று கையை உதறினார். நான் வைத்தேன். முதலில் சுட்டது. பிறகு குத்தியது. பிறகு எதுவும் இல்லை. எதுவும் இல்லாமல் போனது சௌகரியமாக இருந்தது. கையை அங்கேயே விட்டுவிட்டேன்.

அவர்கள் என்ன பேசினார்கள் என்று தெரியாது. மகள் என் தோளைப் பிடித்துக் கத்திய பிறகுதான் பார்த்தேன். "அம்மா, கைய எடும்மா! நைனா, அம்மா கைய பாரு!" விரல்கள் நுனிவரை வெளுத்துப்போயிருந்தன. அவர் என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தார். ஐஸில் என் உள்ளங்கை அளவுக்குப் பள்ளம் விழுந்திருந்தது. கையைத் தன் இரண்டு கைகளுக்குள் வைத்துத் தேய்த்தார், தன் அக்குளில் வைத்துக்கொண்டார், வாயால் ஊதினார். "இன்னாமே பண்றே நீ? இன்னா பண்றே?" என்று திரும்பத் திரும்ப அதையே கேட்டார். ஜன்னலில் இருந்த பிள்ளைகள் ஓடிவிட்டார்கள்.

ரத்தம் திரும்பி ஓடும்போது வலித்தது. நன்றாகவே வலித்தது. அன்று ராத்திரிக்குள் சரியாகிவிட்டது. அவர் ஐஸைத் தூக்கிப் போய்த் தெருவில் போட்டுவிட்டு வந்து, "வேணாம்னா போவ வேணாம்" என்றார்.

"போலாம்" என்றேன். சரி என்று சொல்லாமல் வேறு ஒரு வார்த்தை சொன்னேன் என்பதில் அவருக்குச் சந்தோஷம். எனக்குப் போவதும் ஒன்றுதான், இருப்பதும் ஒன்றுதான். ஆனால் பெட்டி கட்டியாகிவிட்டது. தட்டையும் அதிரசமும் செய்தாகிவிட்டது. நெத்திலிக் கருவாடு வறுத்து ஓலைப்பெட்டியில் கட்டியது பாயின் யோசனை. "கருவாட்டை மேல வெச்சிக்கோ மாமு. எடம் தானா கெடைக்கும்" என்றார்.

கிடைத்தது. டில்லி வண்டியில் மூன்றாம் வகுப்பில் நிற்கக்கூட இடமில்லாமல்தான் ஏறினோம். பெஜவாடா தாண்டி ஓலைப்பெட்டியைத் திறந்ததும் எதிரே இருந்த குடும்பம் முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டு அடுத்த பக்கம் போய்விட்டது. மகள் பலகையில் காலை நீட்டிப் படுத்தாள். என் கணவர் பல நாளுக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தார். வெளியே காடு போயிற்று, பருத்தி நிலம் போயிற்று. ஆக்ராவுக்கு முன்னால் ஓரிடத்தில் பூமியே வெடித்து மேடும் பள்ளமுமாகக் கிடந்தது, ஒரு மரம் இல்லை. "கொள்ளக்காரனுங்க இங்கதான் இருப்பாங்களாம்" என்று யாரோ சொன்னதை அவர் மகளுக்குச் சொன்னார். அவள் ஜன்னலை விட்டு நகரவில்லை. எனக்கு அந்த இடம் பிடித்திருந்தது. அங்கே எதுவும் என்னைக் கேட்கவில்லை.

டில்லியில் வண்டி மாறி, காலையில் மலையடிவாரத்தில் இறங்கி, பொம்மை மாதிரி இருந்த சின்ன வண்டியில் ஏறினோம். அது மலையைச் சுற்றிச் சுற்றி ஏறியது. ஒரு பக்கம் பாறை, கை நீட்டினால் தொடலாம். மறுபக்கம் ஒன்றுமே இல்லை, கீழே எங்கேயோ ஓர் ஆறு நூல் மாதிரி கிடந்தது. சுரங்கம் வரும்போதெல்லாம் மகள் எண்ணினாள், பிறகு எண்ணுவதை விட்டுவிட்டுத் தூங்கிப்போனாள். புல் முளைக்காத மலைகள் ஒன்றன் பின்னால் ஒன்றாக நின்றன. அவர் எஞ்சினைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார். இந்த ஏற்றத்தில் இந்தச் சின்ன உருப்படி எப்படி இழுக்கிறது பார் என்று ஒவ்வொரு ஸ்டேஷனிலும் இறங்கிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

பாய் சொன்ன ஸ்டேஷனில் இறங்கியவர்கள் நாங்கள் மட்டும்தான். வண்டி போன பிறகு அப்படி ஓர் அமைதியை நான் கேட்டதில்லை. ராயபுரத்தில் எப்போதும் ஏதாவது ஒரு சத்தம் இருக்கும், கப்பல் ஊதும், வேகன்கள் இடித்துக்கொள்ளும். இங்கே குளிர் மட்டும்தான். டீக்கடை இருந்தது. ஆனால் அடுப்பின் முன்னால் உட்கார்ந்திருந்தது ஒரு பெண். என்னைவிடப் பத்துப் பதினைந்து வயது மூத்தவள். தலையைச் சுற்றிச் சால்வை. ரொட்டி தட்டிக்கொண்டிருந்தாள்.

என் கணவர் தனக்குத் தெரிந்த ரயில்வே ஹிந்துஸ்தானியில் ஒற்றைக்காதுக்காரரைக் கேட்டார். அவளுக்குத் தெரியவில்லை. கொடி காட்டும் ஆள் ஒருவர் வந்து விவரம் சொன்னார். நாடு பிரிந்த கலவர வருஷத்தில் மலையிலிருந்த முஸ்லிம்கள் எல்லோரும் சேர்ந்து கீழே இறங்கிப் போனார்களாம். ஒற்றைக்காதுக்காரர் கடையைப் பூட்டாமலே போனாராம். எல்லையைத் தாண்டினாரா, வழியிலேயே ஏதாவது ஆயிற்றா, யாருக்கும் தெரியாது. இந்தப் பெண் அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கம் ஓடி வந்தவள். கடை சும்மா கிடந்தது, உட்கார்ந்துகொண்டாள்.

என் கணவர் பெட்டியைக் கையில் பிடித்தபடியே நின்றார். அடுத்த வண்டி மறுநாள்தான். அந்தப் பெண் எங்களை மேலும் கீழும் பார்த்தாள். பட்டாளத்துக் கோட்டு, கம்பளியில் தைத்த சின்னக் கோட்டு, செருப்பில்லாத என் கால். எழுந்து போய்க் கடைக்குப் பின்னால் இருந்த அறையின் கதவைத் தள்ளித் திறந்து, உள்ளே போங்கள் என்று கையைக் காட்டினாள். கொஞ்ச நேரத்தில் ஒரு சட்டியில் தணல் அள்ளிக் கொண்டுவந்து வைத்தாள். எனக்கு ஒரு ஜோடி ரப்பர் பூட்ஸ் கொடுத்தாள், ஆண்பிள்ளை அளவு.

அங்கே இருந்த நாட்களில் நான் பெரும்பாலும் அவள் அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். வெங்காயம் உரித்துக் கொடுப்பேன். அவள் பேசுவது எனக்குப் புரியாது, நான் பேசுவதே இல்லை. ஒருநாள் அவள் மாவைப் பிசைந்துகொண்டே என்னிடம் ஏதோ கேட்டாள். அதில் "பச்சே" என்ற வார்த்தை மட்டும் எனக்குத் தெரிந்தது. பச்சா என்றால் பிள்ளை, எங்கள் தெருவிலும் அப்படித்தான் சொல்வோம். எத்தனை பிள்ளைகள் என்று கேட்கிறாள்.

நான் இரண்டு விரலைக் காட்டினேன்.

அவள் வெளியே பார்த்தாள். என் மகள் தனியாகக் கல் அடுக்கிக்கொண்டிருந்தாள். இன்னொன்று எங்கே என்பதுபோல அவள் என் பக்கம் திரும்பினாள். நான் ஒரு விரலை மடக்கினேன்.

அவள் "ஐயோ" என்று சொல்லவில்லை. கிட்டே வரவில்லை. மாவு ஒட்டிய கையைத் தூக்கி நான்கு விரலைக் காட்டினாள். இரண்டை மடக்கினாள். மூன்றாவது விரலை இப்படியும் அப்படியுமாக ஆட்டிக் காட்டினாள், தெரியாது என்கிற மாதிரி. மிச்சமிருந்த ஒன்றைக் கீழே, ரயில் போகும் திசையில் நீட்டினாள். அப்புறம் மாவைப் பிசைய ஆரம்பித்துவிட்டாள். நான் அடுத்த வெங்காயத்தை எடுத்தேன். அந்தச் சில மாதங்களில் என்னிடம் யாராவது பேசினார்கள் என்று சொல்வதானால், அதைத்தான் சொல்வேன்.

பனி பெய்யவில்லை. தினமும் அவர் காலையில் வெளியே போய் வானத்தைப் பார்த்துவிட்டு ஏமாந்து திரும்புவார். காணும் பொங்கலன்று அந்தப் பெண் எங்கள் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தாள், நாங்கள் பின்னால். கடைக்கு மேலே பாறைகளுக்கு நடுவில் ஒரு பிளவு, வெயில் படாத இடம். அங்கே பழைய பனி கிடந்தது. வெள்ளை என்று சொல்ல முடியாது. மேலே ஊசி இலைகளும் மண்ணும் ஒட்டியிருந்தன, ஓரத்தில் நாயின் கால் தடம். மகள் ஓடிப் போய் இரண்டு கையாலும் அள்ளினாள்.

"நைனா, இத்த துன்னலாமா?"

"துன்னு, துன்னு. மேல கீறத வுட்டுட்டு அடியில எடு" என்றார்.

அவள் தின்றாள். "உப்பே இல்ல" என்றாள்.

அவரும் குனிந்து ஒரு கை எடுத்தார். உருண்டை பிடித்தார். "ஷோக்கா கீது இல்ல?" என்று என்னிடம் சொன்னார். சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவர் முகம் கோணிக்கொண்டது. உருண்டையைக் கையில் வைத்துக்கொண்டே பாறைக்கு அந்தப் பக்கம் போனார். அவர் அழுகிற சத்தம் மலையில் பட்டுத் திரும்பி வந்தது. நான் நின்ற இடத்திலேயே நின்றேன். போய் அவர் முதுகில் கை வைக்க வேண்டும் என்று தெரிந்தது. பூட்ஸுக்குள் கால் சில்லிட்டிருந்தது, அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்தப் பெண் மகளை மேலே கூட்டிக்கொண்டு போனாள், இன்னும் நல்ல பனி காட்ட.

கொஞ்ச நேரம் கழித்து அவர் வந்து என் பக்கத்தில் ஒரு கல்லில் உட்கார்ந்தார்.

"இன்னிக்கு எண்ணூருல கூட்டமா இருக்கும்" என்றார்.

"ம்."

"கரையாண்ட போனா நண்டு குடுக்கறவரு கேப்பாரு. படகுக்காரன் கேப்பான். சின்னவன் எங்கன்னு. இங்க நம்மள யாருக்கும் தெரியாது, அதான்."

அதற்காகத்தான் இவ்வளவு தூரம். எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அந்தப் பெண்ணிடம் விரலை மடக்கிக் காட்டியதை நான் அவரிடம் சொல்லவில்லை. இங்கேயும் கேட்டுவிட்டார்கள் என்று அவருக்குத் தெரிய வேண்டாம் என்று இருந்தது. நான் உட்கார்ந்தேன். அவர் தோளும் என் தோளும் ஒட்டியிருந்தன. கோட்டுத் துணி அவ்வளவு தடிமன், ஒருவர் சூடு ஒருவருக்குத் தெரியவில்லை.

ஊர் திரும்பிய அன்றே பாய் வந்துவிட்டார். நாங்கள் இன்னும் குளிக்கக்கூட இல்லை. வாசற்படியில் உட்கார்ந்து, "இன்னா மாமு, எப்பிடி கீறான் நம்மாளு? என்னைய கேட்டானா?" என்றார்.

என் கணவர் என்னைப் பார்த்தார். அவருக்குப் பொய் சொல்ல வராது, ஆனால் சொல்லத் தயாராகிவிட்டார் என்று முகத்தில் தெரிந்தது. "கீறாரு பாய், நல்லா..." என்று இழுத்தார்.

"இல்ல பாய்" என்றேன் நான். "அவரு அங்க இல்ல. கலாட்டா வருஷமே எல்லாரோடயும் எறங்கிப் போய்ட்டாராம். அப்பறம் இன்னா ஆனாரு, எங்க கீறாருன்னு யாருக்கும் தெரியாதாம். அந்தக் கடையில இப்ப வேற ஒரு அம்மா கீறாங்க."

பாய் தொப்பியைக் கழற்றித் தொடையில் வைத்துக்கொண்டார். என் கணவர் என் பக்கம் கோபமாகப் பார்த்தார். நல்ல இடத்தில் இருக்கிறான் என்று யாராவது சொன்னால் கேட்கிறவருக்கு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அதை இன்னொருவருக்கு நான் செய்ய மாட்டேன்.

"அவன் ரொட்டி சுட்டா உப்பிக்கினு வரும் தங்கச்சி, பந்து மாதிரி" என்றார் பாய். நான் டீ போட்டுக் கொடுத்தேன். குடிக்காமலே ரொம்ப நேரம் கையில் வைத்துக்கொண்டிருந்தார். அவரை யாரும் அவசரப்படுத்தவில்லை.

அதன் பிறகு எல்லாம் மாறிவிட்டதா என்று கேட்டால், இல்லை. தையும் மாசியும் பழையபடிதான் போயின. மகள் பள்ளிக்கூடத்தில் பனி தின்றதைச் சொல்லிச் சொல்லி, ஒவ்வொரு தடவையும் மலையைக் கொஞ்சம் உயர்த்திக்கொண்டே போனாள். கோட்டுகளை மடித்துப் பரணில் போட்டேன். அவர் பழையபடி பேச்சைக் குறைத்துக்கொண்டார். நான் பழையபடி சோறு வடித்தேன்.

சித்திரையில் ஒரு காலை ரேஷன் கடை வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். நல்ல வெயில். அரிசி வந்துவிட்டது என்று யாரோ சொன்னதும் வரிசை முன்னால் தள்ளியது. எனக்கு முன்னால் நின்ற பெண் பின்வாங்கி என் கால் விரலை மிதித்துவிட்டாள். பெரிய மிதி ஒன்றும் இல்லை. எனக்கு அழுகை வந்தது. வாயைப் பொத்தியும் அழுகை நிற்கவில்லை. பையைக் கீழே போட்டுவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அவன் பெயரைச் சொல்லி அழுதேனாம், பிறகு சொன்னார்கள்.

அந்தப் பெண் பயந்துபோய்விட்டாள். திருவொற்றியூர்ப் பக்கத்திலிருந்து புதிதாகக் குடி வந்தவள், என்னைத் தெரியாது. "ஐய, தெரியாம மிதிச்சிட்டேன்க்கா, நசுங்கிடுச்சா, காட்டு" என்று குனிந்து என் காலைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டு தேய்க்க ஆரம்பித்தாள். வரிசை எங்களைச் சுற்றிக்கொண்டு முன்னால் போனது. அவளுடைய இடமும் போயிற்று, என்னுடைய இடமும் போயிற்று. அவள் தேய்ப்பதை நிறுத்தவில்லை. கால் வலிக்கவில்லை என்று நான் அவளிடம் சொல்லவில்லை.